நாரிநோவும் இரண்டு சோடிக் கைகளும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நாரிநோ, அதாவது கீழ்முதுகு நோ, பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். கைரோபிராக்டிக்கையும் (முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் தள்ளிச் செய்யும் வைத்தியம்) மசாஜையும் சேர்த்துச் செய்தால் நல்ல பலன் உண்டு என்று அதில் இருந்தது. அதற்கு எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் அவற்றை எப்படிச் சேர்ப்பது, யார் சேர்ப்பது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. கனடாவில், ஸ்காபரோவில் பதினொரு வருடம் ஒரு தொழிற்சாலையில் நின்றபடி பெட்டி அடுக்கியவள் நான். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

முதல் தடவை நாரி பிடித்தபோது கூட வேலை செய்த ஒருத்தி சொன்ன கிளினிக்குக்குப் போனேன். எங்கே நோகிறது என்று அங்கே யாரும் கேட்க முதல், பெனிபிட் (வேலையிடத்துக் காப்புறுதி) எந்தக் கம்பனி, வருடத்துக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். கைரோவுக்கு 500 டொலர், மசாஜுக்கு 500 டொலர் என்றேன். அந்த ஆயிரத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஓர் அட்டவணை வந்தது. கைரோபிராக்டர் குப்புறப் படுக்கச் சொன்னார். படக், படக், படக். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மசாஜ் வேறு நாள், வேறு ஆள். இவர் என்ன செய்தார் என்று அவருக்குத் தெரியாது, அவர் என்ன கண்டார் என்று இவர் கேட்டதும் இல்லை. பெனிபிட் தீர்ந்த வாரமே சிகிச்சையும் தீர்ந்தது. நோ மட்டும் தீரவில்லை.

அந்தச் சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சத்தம் கேட்டால் விலகின எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். உண்மையில் மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து ஒரு வாயுக்குழி உண்டாகிறது. 2015இல் அல்பேட்டா பல்கலைக்கழகத்தில் விரலில் சொடக்கு எடுப்பதை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்தே படம் பிடித்துப் பார்த்தார்கள். முதுகில் கேட்பதும் அதே சங்கதிதான். சத்தம் பெரிதாக வந்தால் சுகம் பெரிதாக வரும் என்றில்லை.

இந்த வைத்தியத்தைத் தொடக்கிய டி. டி. பாமர் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், காது கேளாத ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பைத் தட்டிக் கேட்கவைத்ததாகச் சொல்லித்தான் ஆரம்பித்தார். முதுகெலும்பு பிசகுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவருடைய கொள்கை. இன்றைக்கு அதைக் கைவிட்ட கைரோபிராக்டர்களும் இருக்கிறார்கள், விடாதவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்துமாவுக்கும் குழந்தையின் காது நோவுக்கும் முதுகை நெட்டி முறிக்கலாம் என்பவரிடம் நான் போகமாட்டேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அடுத்த வருடம் மருமகள் வேறு ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த கைரோபிராக்டர் தமிழ்ப் பிள்ளை. அரைமணி நேரம் கேள்விதான். இரவில் நோ எழுப்புகிறதா, காய்ச்சல் உண்டா, மெலிந்தீர்களா, எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுக்கிறீர்களா என்று எல்லாம் கேட்டார். பிறகு கையால் தடவிப் பார்த்துவிட்டு, "அன்ரி, இடுப்பைச் சுற்றித் தசை எல்லாம் கல்லாய் இறுகிக் கிடக்கு. இதிலை தள்ளினால் நான் உங்கடை தசையோடைதான் மல்லுக்கட்ட வேணும். முதல் மசாஜ் செய்து இளக்கிப்போட்டு வாங்கோ" என்றார். மசாஜ் செய்பவருக்கு எங்கே இறுக்கம், எங்கே அழுத்தக் கூடாது என்று எழுதியும் கொடுத்தார். மசாஜ் முடிந்து போனபோது ஒரே ஒரு சின்னத் தள்ளல். மிச்ச நேரம் முழுவதும் உடற்பயிற்சி பழக்கினார். ஆறு தடவைக்குள் "இனி வரத் தேவையில்லை, பயிற்சியை விடாதீங்கோ" என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. அம்மம்மாவின் கை நெரிந்தபோது முறிவு நெரிவு வைத்தியர் எண்ணெய் போட்டு, ஊர்ப்புதினம் கேட்டுக்கொண்டே நெடுநேரம் உருவினார். அம்மம்மா பதில் சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்து ஓர் இழுவை. உருவுவதும் இழுப்பதும் அங்கே ஒரே கையின் வேலை. எக்ஸ்ரே இல்லாத காலம், பிழையாகப் போனவையும் இருந்திருக்கும். இங்கே சட்டம் அந்த வேலையை இரண்டாகப் பிரித்திருக்கிறது. ஒன்ராறியோவின் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதுகெலும்பு மூட்டை அதன் வழக்கமான எல்லைக்கு அப்பால் வேகமாகத் தள்ளுவதற்குக் கைரோபிராக்டருக்கும் பிசியோ எனும் இயன்மருத்துவருக்கும் அனுமதி உண்டு. பதிவுபெற்ற மசாஜ் சிகிச்சையாளருக்கு இல்லை. பிரித்தது பாதுகாப்புக்காக. ஆனால் பிரித்த இரண்டு சோடிக் கைகளும் ஒன்றோடொன்று பேசாவிட்டால், நாங்கள் இரண்டு பில் கட்டுவதுதான் மிச்சம்.

அந்தத் தமிழ்ப் பிள்ளை எனக்குச் செய்ததைத்தான், சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரித்தானியாவின் நைஸ் (NICE) நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டியும் சொல்கிறது. நாரிநோவுக்கு மூட்டுத் தள்ளலும் மசாஜும் செய்யலாம், ஆனால் உடற்பயிற்சியோடு சேர்ந்த சிகிச்சையின் ஒரு பகுதியாக மட்டும். உங்கள் கட்டுரையில் உடற்பயிற்சி என்ற சொல்லே காணவில்லை.

கார் விபத்தில் கழுத்து நொந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். ஒன்ராறியோவில் இன்சூரன்ஸ் அதைச் சிறு காயம் என்று வகைப்படுத்தினால் சிகிச்சைக்கு 3,500 டொலர்தான் வரம்பு. முதல் இரண்டு மாதத்திலேயே அதைக் கரைத்துவிட்டுப் பிறகு கையைப் பிசைகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். அதோடு, கழுத்தை வெடுக்கென்று திருப்ப நான் யாரையும் விடுவதில்லை. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது மிக அரிது. ஆனால் 1996இல் ரொறன்ரோவில் இறந்த ஒரு பெண்ணின் மரணத்துக்கு, கைரோபிராக்டர் கழுத்தைத் திருப்பியதைத்தான் காரணமாக, 2004இல் முடிந்த மரண விசாரணையில் யூரிமார் (நடுவர் குழு) சொன்னார்கள். கழுத்துக்கு மசாஜும் மெதுவான அசைவும் போதும் என்று சொன்னால், நல்ல கைரோபிராக்டர் கோபிக்கமாட்டார்.

கடைசியாக என் கணவரின் கதை. போன மாரியில் அவருக்கும் நாரி பிடித்தது. எனக்கு மசாஜ் செய்த அதே பெண்ணிடம் கூட்டிப்போனேன். கட்டிலில் ஏற்ற முதல், கால் பெருவிரலை மேலே தூக்கச் சொன்னார். தூக்க முடியவில்லை. சலம் போவதில் ஏதாவது வித்தியாசமா என்று கேட்டார். இவர் வெட்கத்தில் என்னைப் பார்த்தார். இரண்டு நாளாகக் கஷ்டம் என்று பிறகுதான் சொன்னார், எனக்கே அது புதினம். "நான் இண்டைக்குக் கை வைக்கமாட்டன், நேரே எமர்ஜென்சிக்குப் போங்கோ" என்றார். அன்றிரவே ஸ்கான், அடுத்த நாள் சத்திரசிகிச்சை. முள்ளெலும்புகளுக்கு இடையில் இருக்கும் டிஸ்க் விலகி நரம்புக் கற்றையை நெரித்துக்கொண்டிருந்ததாம். இன்றைக்கு மனுசன் பனி அள்ளுகிறார், நான் வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

அந்தப் பெண் அன்றைக்கு எங்களிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. அவரும் என் கைரோபிராக்டரும் கேட்டது போன்ற கேள்விகளை அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்: காலில் புதிதாக வந்த பலவீனம், தொடையிடுக்கில் விறைப்பு, சலம் மலம் போவதில் மாற்றம், காரணமில்லாத மெலிவு, காய்ச்சல், விழுந்த பிறகு வந்த நோ. இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் டொக்டரிடம். கால் பலவீனம், தொடையிடுக்கு விறைப்பு, சலக் கஷ்டம் என்றால் அன்றே எமர்ஜென்சிக்கு. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், எங்கள் வயதுக்காரர் கண்ணாடி தேடாமல் வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஸ்காபரோ