கடாரம் பார்க்க வருகிறவனுக்கு

பட்டர்வொர்த், பினாங்கு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் நாலு வரியில் முடிகிற சேதியை மூன்று பக்கம் எழுதி ஸ்டாம்பு ஒட்டி அனுப்பியிருக்கிறாய். ஓய்வு பெற்றாலும் வாத்தியார் வாத்தியார்தான். நானும் அதே வழியில் பதில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

வீட்டில் எல்லாரும் சுகம். முழங்காலுக்கு ஊசி போட்ட பிறகு நடப்பதில் சிரமமில்லை, படி ஏறும்போதுதான் முனகுகிறேன். சின்னவன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். பாலத்து நெரிசலைத் திட்டிக்கொண்டே போய்த் திட்டிக்கொண்டே வருகிறான். உன் மருமகளுக்கு ஆண் குழந்தை என்று கேட்டு இவளுக்கு ஏக சந்தோஷம். பெயர் வைத்தாயிற்றா? நீ இருக்கிற வேகத்தைப் பார்த்தால் ராஜேந்திரன் என்று வைத்தாலும் வைப்பாய்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து கெடாவில், அதாவது பழைய கடாரத்தில், இருக்கிற பூஜாங் பள்ளத்தாக்கைக் காட்ட வேண்டும், சோழன் கட்டிய கோவில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். வா, தாராளமாக வா. ஆனால் சோழன் கட்டிய கோவில் என்று ஒன்று அங்கே இல்லை. கோபுரத்தை எதிர்பார்த்து வருகிற நம் ஆட்கள் அங்குள்ள அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இருக்கிற கல்மேடையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு, சுங்கைப் பட்டாணிக்கு வாழையிலைச் சாப்பாடு சாப்பிடப் போய்விடுகிறார்கள். பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். முதலில் மலையையும் ஆற்றையும் காட்டு. பிள்ளைகளுக்கு அது பிடிபட்டால் கல்லும் செங்கல்லும் தானாகப் பேசும்.

பள்ளத்தாக்குக்கு மேலே நிற்கிற ஜெராய் மலை 1,217 மீட்டர்தான். கேமரன் மலைக்காரன் சிரிப்பான். ஆனால் சுற்றிலும் தட்டையான வயல்வெளி, நடுவே தன்னந்தனியாக நிற்கிற மலை. மழை கழுவிவிட்ட காலையில் இங்கே பாகான் கரையில் நின்றாலே வடக்கே தெரியும். வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்த மாலுமிக்கு அதுதான் கரை வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். அந்தக் காலத்துக் கப்பல்கள் தென்மேற்குக் காற்றில் கிழக்கே வரும், வடகிழக்குக் காற்றில் ஊர் திரும்பும். காற்று மாறும் வரை எங்காவது கிடக்க வேண்டும். கிடப்பதற்கு அலை அடிக்காத துறை, குடிக்க மலைத் தண்ணீர், கப்பலைப் பழுது பார்க்க மரம், வாங்கிப் போகச் சரக்கு, எல்லாம் மலையடியிலேயே கிடைத்தன. கடலும் அப்போது இன்னும் உள்ளே இருந்தது. இன்றைக்கு மெர்போக் ஆற்றின் கழிமுகமாக இருப்பது அன்று ஓர் அகலமான குடா. வண்டல் படிந்து படிந்து குடா சுருங்கி, கரை மேற்கே நகர்ந்துவிட்டது. அதனால்தான் பழைய துறைமுகத்தைப் பார்க்கிறேன் என்று போகிறவன் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைக் காட்டுக்கு நடுவே போய் நிற்கிறான்.

அந்தச் செம்பனை இருக்கிற இடத்தில்தான் முன்பு பால்மரம், அதாவது ரப்பர், இருந்தது. நம் அப்பாக்கள் விடியுமுன் மங்கு துடைத்துப் பால் வெட்டி, காண்டா வாளியைத் தோளில் சுமந்து நடந்த நிரைகள். நமக்கெல்லாம் அந்தப் பூமியில் கிடைத்தது அட்டைக்கடியும் ஓடையில் பிடித்த கெளுத்தியும்தான். தோட்டத்து முனியாண்டி மேடையில் அகலமாக, தட்டையாகச் சில செங்கற்கள் இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? வேறெந்தக் கட்டடத்திலும் நான் அந்த அளவுச் செங்கல்லைப் பார்த்ததில்லை. எங்கே தோண்டி எடுத்து வந்து வைத்தார்களோ, அவர்கள்தான் சொல்ல வேண்டும், அவர்கள் யாரும் இப்போது இல்லை.

முதலில் நீ பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டிய இடம் சுங்கை பத்து. செமெலிங்கைத் தாண்டி மெர்போக் போகிற வழியில் இருக்கிறது. 2009 முதல் நம் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டினார்கள். கிடைத்ததில் கோவிலைவிடப் பெரிய விஷயம் இரும்பு உலைகள். ஜெராய் அடிவாரத்தில் இரும்புக் கல் உண்டு. கல்லையும் கரியையும் களிமண் உலையில் போட்டு, அடியில் களிமண் குழாயைச் செருகித் துருத்தியால் காற்றை ஊதுவார்கள். கசடு உருகி வழிந்துவிடும், இரும்பு கட்டியாகத் தங்கும். அதைச் சம்மட்டியால் அடித்துச் சுத்தம் செய்து கப்பல் ஏற்றுவார்கள். அந்த ஊதுகுழாய்கள் அங்கே குவியல் குவியலாக வெளியே வந்தன. கூடவே பழைய ஆற்றங்கரையை ஒட்டிச் செங்கல்லால் கட்டிய துறைமேடைகள், வட்டமான அடித்தளம் உள்ள ஒரு செங்கல் கட்டுமானம். கசடைக் காட்டி, "இது குப்பைதான், ஆனால் ஒரு தொழிற்சாலையின் குப்பை" என்று சொன்னால் உன் பேரன் புரிந்துகொள்வான்.

எவ்வளவு பழையது என்பதில்தான் தகராறு. கி.மு. 788 வரை அகழாய்வுக் குழு பின்னோக்கிப் போகிறது. அவ்வளவு தூரம் போகாதீர்கள் என்று கையைப் பிடிக்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்தச் சண்டையில் நாம் தலையிட வேண்டாம். மிகக் குறைத்து, கி.பி. முதல் சில நூற்றாண்டுகள் என்றே வைத்துக்கொள். அப்போதும் ராஜேந்திரனின் கப்பல் புறப்பட இன்னும் பல நூறு வருஷம் இருக்கிறது. யாரோ வந்து நாகரிகத்தை இறக்கிவைத்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதே. இங்கே உலை வைத்து, கரி சுட்டு, படகு ஓட்டிப் பிழைத்த மக்கள் இருந்தார்கள். சரக்கு இருந்ததால்தான் நம்மவர்கள் வந்தார்கள்.

நம்மவர்கள் வந்ததற்கும் கணக்கு இருக்கிறது, அதையும் விட்டுவிடாதே. பட்டினப்பாலையில் புகார்த் துறையில் வந்து குவிந்த சரக்குகளின் வரிசையில் காழகத்துப் பொருளும் வருகிறதே, அந்தக் காழகத்தைக் கடாரம் என்றுதான் உரைகாரர் சொல்லியிருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி இத்சிங் இந்தியா போகிற வழியில் கெடாவில் தங்கினார். ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசனின் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரை எழுந்தது, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே சோழன் எழுதிக்கொடுத்தான். அந்தச் செப்பேடு பிறகு எப்படியோ கடல் கடந்து ஹாலந்தில் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அந்தச் சிநேகம் நடந்து ஒரு தலைமுறை கழியுமுன் 1025இல் ராஜேந்திரனின் கடற்படை வந்து கடாரத்தைப் பிடித்தது. ஏன் உறவு முறிந்தது என்பதற்குச் சீன வணிகத்தை யார் ஆள்வது என்ற போட்டியைத்தான் பலரும் காரணமாகச் சொல்கிறார்கள்.

நம் ஆட்கள் இந்த ஒரு வருஷத்தை மட்டும் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பார். பள்ளத்தாக்கு அழிந்துவிடவில்லை. வியாபாரம் இடம் மாறி, பள்ளத்தாக்கிலேயே இருக்கிற பெங்காலான் பூஜாங்கில் 14ஆம் நூற்றாண்டு வரைக்கும் சீனப் பீங்கானும் கண்ணாடி மணியும் வந்து இறங்கியபடிதான் இருந்தன. படை வந்துபோனது, சந்தை நடந்தது.

சுங்கை பத்து முடிந்ததும் அருங்காட்சியகம். அங்கேதான் புக்கிட் பத்து பஹாட் சண்டி இருக்கிறது (பழைய கோவிலை இங்கே சண்டி என்பார்கள்), நீ படத்தில் பார்த்திருப்பாயே, அதுதான். 1930களில் ஆங்கிலேய ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவி டோரத்தியும் பள்ளத்தாக்கில் அலைந்து முப்பது இடங்களுக்கு எண் போட்டார்கள். இது எட்டாவது. 1960ஐ ஒட்டி அலஸ்டேர் லாம்ப் என்பவர் சரிந்து கிடந்த கற்களை எடுத்து அடுக்கி நிறுத்தினார். கருவறை மேடை, அதற்கு முன்னால் மண்டப மேடை, தூண்களுக்கான அடிக்கற்கள். தூணும் கூரையும் மரமாக இருந்ததால் மழையிலும் கரையானிலும் போய்விட்டன. கல்லில் பீடம், மேலே மரக்கூரை, இது தஞ்சாவூர்ப் பாணி கிடையாது, இந்த மண்ணின் பாணி. அருங்காட்சியகத்துக்குள்ளே ஆவுடையாரும் இருக்கிறது, புத்த சமயச் சின்னங்களும் இருக்கின்றன. இரண்டு சமயத்தாரும் ஒரே ஆற்றில்தான் குளித்திருக்கிறார்கள்.

அந்த ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. ஜெராயிலிருந்து இறங்குகிற ஓடை, தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். வார இறுதியில் மலாய்க்காரக் குடும்பங்கள் பாயும் சோற்றுப் பொட்டலமுமாக வந்துவிடும், நம்மவர்களும் வருகிறார்கள். பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி எடுத்து வா. இன்னும் பெரிய அருவி வேண்டுமென்றால் துப்பா இருக்கிறது, மலைக்கு அந்தப் பக்கம் யான் என்ற ஊரில் தித்தி ஹாயுன் இருக்கிறது. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மேலே மழை இருட்டினால் உடனே கரையேறிவிடுங்கள். 2021 ஆகஸ்டில் ஜெராய் உச்சியில் கொட்டிய மழை சேறும் மரமும் பாறையுமாக இறங்கி யான் ஊரையும் மெர்போக்கையும் அடித்தது, உயிர்கள் போயின. கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே தண்ணீர் புறப்பட்டுவிடும். உள்ளூர்க்காரன் தண்ணீரின் நிறம் மாறுகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொண்டேதான் குளிப்பான்.

மத்தியானத்துக்கு மேல் செமெலிங் துறைக்குப் போய்ப் படகு பிடிப்போம். என்னைக் கேட்டால் முழுப் பயணத்திலும் இதுதான் உச்சம். மெர்போக் ஆற்றில் கடல் நீர் வெகுதூரம் உள்ளே ஏறி வரும், இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. இத்தனை சின்ன இடத்தில் இத்தனை வகை அலையாத்தி மரங்கள் உலகத்திலேயே அபூர்வம் என்று தாவரம் படித்தவர்கள் சொல்கிறார்கள். நமக்குத் தெரிவது பாக்காவ் மரத்தின் ஊன்றுகால் வேர்களும், தண்ணீருக்குள் நிற்கிற நீப்பா ஓலையும், தலைக்கு மேல் வட்டமிடும் செம்பருந்தும்தான். அங்கிருந்து திரும்பி வடக்கே பார், ஜெராய் முழுசாக நிற்கும். கப்பல்காரன் பார்த்த அதே பார்வை. எந்தப் பலகையும் விளக்காததை அந்த இடம் விளக்கிவிடும்.

நேரம் இருந்தால் கழிமுகத்தில் தஞ்சோங் டாவாய்க்கும் ஒரு நடை. நெத்திலிக் கருவாடும் பெலாச்சான் என்கிற இறால் விழுதும் அங்கே வாங்கினால்தான் இவளுக்குத் திருப்தி. அதற்குத் தெற்கே கோத்தா குவாலா மூடாவில் ஒரு மீன் சந்தை இருக்கிறது. ஏலம் கூவ மாட்டார்கள். வாங்குகிறவன் ஒவ்வொருவனும் ஏலக்காரன் காதில் ரகசியமாக விலை சொல்வான், கூடச் சொன்னவனுக்கு மீன். அடுத்தவன் என்ன கேட்டான் என்று யாருக்கும் தெரியாது, அதனால் சண்டையும் இல்லை. 2004 சுனாமி கெடாவில் மோசமாக அடித்ததும் இந்தக் கரையைத்தான், உடைந்த படகுகளை நினைவாக வைத்திருக்கிறார்கள். அங்கே வந்து விழுகிற மூடா ஆறுதான் எங்கள் வீட்டுக் குழாயிலும் வருகிறது. பினாங்கின் தண்ணீரில் பெரும்பகுதி அதிலிருந்துதான், அதற்குக் காசு கொடு என்று கெடா கேட்க, மாட்டேன் என்று பினாங்கு சொல்ல, இரண்டு மாநிலமும் பல வருஷமாக மல்லுக்கட்டுகின்றன. அரசியல்வாதிகளும் காதில் விலை பேசினால் தேவலை.

ஒரு கசப்பான விஷயம். வேல்ஸ் எண் போட்ட பதினொன்றாவது சண்டி இப்போது கிடையாது. வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது அதையும் இயந்திரத்தால் வழித்துவிட்டார்கள், 2013 கடைசியில்தான் சேதி வெளியே வந்தது. 2005இலேயே தேசியப் பாரம்பரியச் சட்டம் இருந்தது. ஆனால் அந்த இடத்தை அதன் கீழ்ப் பதியவில்லை. தனியார் நிலம் என்றார்கள், தெரியாது என்றார்கள். நம்மவர்கள் இந்துக் கோவிலை இடித்துவிட்டார்கள் என்று கொதித்தார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அப்படிச் சொன்னதால் அது நம் சண்டை மட்டும் என்று ஆகிவிட்டது. இந்த நாட்டின் மிகப் பழைய துறைமுகத்தின் ஒரு துண்டு போய்விட்டது என்று சொல்லியிருந்தால் இன்னும் நாலு பேர் சேர்ந்து கத்தியிருப்பார்கள். உன் அபிப்பிராயம் வேறாக இருக்கும், நேரில் சண்டை போடலாம்.

பினாங்கு பக்கமும் காட்ட ஒன்று இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் கோவில் வளாகத்தில் பழைய எழுத்து வெட்டிய பாறை நிற்கிறது, 1840களில் பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் லோ பார்த்து எழுதிவைத்தது. ஜூலைத் திருநாளுக்கு எத்தனையோ ஆயிரம் பேர் வருகிறார்கள், பாறைப் பக்கம் திரும்புகிறவர்கள் கொஞ்சம்தான். திரும்புகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், காரில் வராதே. விடுமுறைக் கூட்டத்தில் நெடுஞ்சாலையில் வெந்துபோவாய். ரயிலில் சுங்கைப் பட்டாணியில் இறங்கு, சின்னவனின் வேனை எடுத்துக்கொண்டு நான் வந்து நிற்கிறேன். படகுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், கடல் நீர் ஏற்றம் பார்த்துத்தான் புறப்படுவார்கள். அதனால் தேதியை மட்டும் இந்தத் தடவை வாட்ஸ்அப்பில் அனுப்பு. அஞ்சலுக்குக் காத்திருந்தால் விடுமுறை முடிந்துவிடும்.

உன் சிநேகிதன்