சுந்தருக்கு, பை கட்டுவதற்கு முன்

சுந்தர்,

நீ அனுப்பிய பட்டியலை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது, இரண்டாம் தடவை கொஞ்சம் பயம் வந்தது. மடக்கு நாற்காலி இருக்கிறது, ட்ரோன் இருக்கிறது, ஆனால் விசில் இல்லை. கூடாரத்தில் தொங்கவிட விளக்குச் சரம் இருக்கிறது, மழை வந்தால் மேலே போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. இருபது வருஷம் கழித்துச் சேர்ந்து மலை ஏறப்போகிறோம், உனக்கு முட்டி வலி வேறு, அதனால் எடையைக் குறைக்க வேண்டும் என்று நீ சொல்வது நியாயம்தான். எதைக் குறைப்பது என்பதில்தான் நமக்குள் சண்டை.

இதுவரை உன்னிடம் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு இந்த எடைப் பைத்தியம் நன்றாகப் பிடித்திருந்தது. சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாகப் பையில் இருப்பதை அடிப்படை எடை என்பார்கள், அது நாலரைக் கிலோவுக்குக் கீழே வந்துவிட்டால் 'அல்ட்ராலைட்' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். சமையலறைத் தராசில் சாக்ஸைக்கூட வைத்து நிறுத்தேன். எல்லாம் அருமையாகக் கட்டி, மலையில் கூடாரம் போட்டு, சாயங்காலம் மேலே ஒரு முகடு தெரிந்தது, அரை மணி நேர வேலைதானே என்று தண்ணீர் பாட்டிலும் போனும் மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினேன். மூடுபனி இறங்கிவிட்டது. 40 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த போன் குளிரில் சட்டென்று அணைந்துபோனது, லித்தியம் பேட்டரியின் குணம் அப்படி. ராத்திரி முழுக்க ஒரு பாறையின் மறைவில் ஈரமான பருத்திச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். காலையில் பனி விலகியபோது பார்த்தால் கூடாரம் முந்நூறு மீட்டருக்குள்தான் இருக்கிறது. நான் கிராம் கிராமாகக் குறைத்த அத்தனை சாமானும் உள்ளே பத்திரமாகக் கிடந்தது.

அன்றைக்குத் தண்ணீர் உறையும் குளிர்கூட இல்லை. ஈரமும் காற்றும் சேர்ந்தால் போதும், பத்து டிகிரியிலேயே உடம்பின் உள் வெப்பம் 35-க்குக் கீழே இறங்கத் தொடங்கலாம், அதன் பிறகு முதலில் போவது யோசிக்கும் திறமைதான். எனக்கே நடுவில் ஒரு சமயம் சட்டையைக் கழற்றிப் பிழிந்துவிட்டு அப்படியே தூங்கலாம் என்று தோன்றியது. இப்போது நினைத்தாலும் கை சில்லிடுகிறது.

அதனால் இப்போது என் வழக்கம் இது. கூடாரத்தை விட்டு எவ்வளவு பக்கத்தில் போனாலும் மழை ஜாக்கெட், நனையாதபடி தனியாகக் கட்டிவைத்த ஒரு கதகதப்பான மேல்சட்டை, ஹெட்லேம்ப், அலுமினியப் பூச்சுள்ள அவசரப் போர்வைப்பை, லைட்டர், விசில் என் கூடவே வரும். எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ வராது. இதில் கை வைக்காதே. விசில் எப்படி ஊதுவது என்றும் தெரிந்துகொள்: ஒரு நிமிஷத்தில் ஆறு தடவை, அப்புறம் ஒரு நிமிஷம் சும்மா இரு, மறுபடி ஆறு. ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் பழைய முறை, பதிலுக்கு மூன்று தடவை கேட்டால் ஆள் வருகிறது என்று அர்த்தம். தொண்டை கிழியக் கத்துவதைவிட இது தூரம் போகும்.

எடை உண்மையில் எங்கே இருக்கிறது என்றால் கூடாரம், ஸ்லீப்பிங் பேக், பை, இந்த மூன்றில்தான். நடக்கும்போது ஊன்றுகிற ட்ரெக்கிங் கோலையே கம்பமாக வைத்து நிறுத்துகிற மாதிரிக் கூடாரம் வாங்கு, இறக்கத்தில் உன் முட்டிக்கு அந்தக் கோல் எப்படியும் வேண்டும், ஒன்றே இரண்டு வேலை செய்யட்டும். பையைக் கடைசியில் வாங்கு, பெரிய பையை முதலில் வாங்கினால் அதை நிரப்பாமல் மனசு கேட்காது. அப்புறம் ஷூ. காலில் ஏறும் எடைக்கு முதுகில் ஏறும் எடையைப்போலப் பல மடங்கு சக்தி செலவாகிறது, உன் அந்தப் பழைய தோல் பூட்ஸைத் தயவுசெய்து யாருக்காவது கொடுத்துவிடு. ஸ்லீப்பிங் பேக்கில் வாத்து இறகு வைத்தது லேசு, சின்னதாகச் சுருங்கும், ஆனால் நனைந்தால் பிடி பிடியாக ஒட்டிக்கொண்டு சூடே தராது. செயற்கைப் பஞ்சு கொஞ்சம் கனம், ஈரத்திலும் ஓரளவு காப்பாற்றும். மழை உறுதி என்றால் நான் கனத்தையே தேர்ந்தெடுப்பேன்.

போன் விஷயம். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், அது செயற்கைக்கோள் அனுப்புவதை வாங்குவதோடு சரி. வரைபடத்தை முன்னாடியே இறக்கிவைத்து, ஏரோப்ளேன் மோடில் போட்டு, உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் வை. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் அத்தனையும் போனுக்குள் போகும் என்று கணக்குப் போடாதே, மின்னழுத்தம் மாற்றுவதிலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். காகித வரைபடமும் காம்பஸும் நான் கொண்டுவருகிறேன்.

சிக்னல் இல்லாத இடத்தில் உதவி கேட்கிற செயற்கைக்கோள் கருவி பற்றிக் கேட்டிருந்தாய். இரண்டு வகை. பிஎல்பி என்கிற கையடக்க அபாய அறிவிப்புக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேச செயற்கைக்கோள் மீட்பு அமைப்புக்கு அபாயக் குறி அனுப்பும், சந்தா கிடையாது, ஆனால் உன் பெயரில் பதிவு செய்திருக்க வேண்டும், அதில் செய்தி எழுதிப் பேசிக்கொள்ள முடியாது. மற்றது செய்தி அனுப்பி வாங்குகிற வகை, சந்தா கட்ட வேண்டும், 'கால் பிசகியது, உயிருக்கு ஆபத்தில்லை, மெதுவாக வாருங்கள்' என்று சொல்ல முடிவதுதான் அதன் பலம். நான் இரண்டாவதின் கட்சி. ஆனால் ஒன்று, சில நாடுகளில் இந்தக் கருவியை அனுமதி இல்லாமல் வைத்திருந்தாலே பிடித்துக்கொண்டு போவார்கள், போகிற இடத்தின் சட்டத்தைப் பார்த்துவிட்டு வாங்கு.

தண்ணீர் வடிகட்டி நூறு கிராம்கூட இருக்காது, எடு. ஒரே எச்சரிக்கை, அது ஒரு தடவை உறைந்துவிட்டால் உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. குளிர் ராத்திரியில் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்துக்கொண்டு தூங்கு. உன் கைக்கடிகாரத்தில் காற்றழுத்த உயரமானி இருக்கிறது அல்லவா, ராத்திரி படுக்கும்போது காட்டிய உயரத்தைவிடக் காலையில் நாற்பது மீட்டர் கூடக் காட்டினால் கூடாரம் மேலே ஏறிவிடவில்லை, அழுத்தம் இறங்கியிருக்கிறது, வானிலை கெடப்போகிறது. நீ அதில் இதயத்துடிப்பை மட்டும் பார்க்கிறாய்.

1955-ல் எம்மா கேட்வுட் என்ற 67 வயது பாட்டி அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், கேன்வாஸ் ஷூவும் தைத்த துணிப்பையும் குளியலறைத் திரையுமாகத் தனியாக நடந்து முடித்ததை எனக்கு நீதான் சொன்னாய். முந்தின வருஷம் அவரே வழி தவறி, மூக்குக்கண்ணாடி உடைந்து, முயற்சியைக் கைவிட்டு வீடு திரும்பியதை நீ சொல்லவில்லை, நானாகத்தான் பிறகு தெரிந்துகொண்டேன்.

சரி, புதுப் பட்டியலை எடையோடு எழுதி அனுப்பு. நாற்காலியை நான் தூக்கி வருகிறேன், உன் முட்டி மக்கர் பண்ணும்போது உட்கார ஏதாவது வேண்டும். ட்ரோன் வேண்டாம்.

ரவி