வயதான நோயாளிக்குக் கஞ்சி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கமிருந்து வேலூர் மருத்துவமனைகளில் வந்து சேரும் முதியவர்களின் வீட்டார் மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்கிறார்கள். சாப்பாட்டை மட்டும், "ஏதோ ரெண்டு வாய் போனால் சரி" என்று விட்டுவிடுகிறார்கள். வற்றிய உடம்போடு படுத்திருப்பவருக்குச் சாப்பாடும் மருந்துதான்.

வார்டில் அன்றாடம் காண்பது இது: காலையில் இரண்டு இட்லி, பதினோரு மணிக்கு இளநீர், மதியம் கொஞ்சம் ரசம் சாதம், மாலையில் டீயும் இரண்டு துண்டு பிரெட்டும், இரவு அரிசிக் கஞ்சி. எல்லாம் சேர்த்துப் புரதம் 15 கிராம் தேறினால் அதிகம். நோயில் மெலிந்த முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும். 50 கிலோ எடை என்றால் 60 முதல் 75 கிராம். கூடவே ஏறக்குறைய 1500 கலோரி. அது கிடைக்காதபோது உடம்பு தன் தசையையே கரைத்துக்கொள்கிறது. நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்து அளந்தபோது கால்களில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை குறைந்திருந்தது. காய்ச்சலும் பட்டினியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நடந்து வந்தவர் பிறர் தாங்கலில் வீடு திரும்புவதற்கும், படுக்கைப் புண் ஆறாமல் இழுப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

"குளுக்கோஸ் ஏறுகிறதே, தெம்பு வந்துவிடும்" என்பார்கள். 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிகூடத் தேறாது. புரதம் துளியும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருப்பதைப் பார்த்து, அதை ஏற்றினால் சத்துப் பிடிக்கும் என்று நினைப்பதும் தவறு. கிருமித் தொற்றிலும் வீக்கத்திலும் ஆல்புமின் தானாகவே இறங்கும். எடையைப் பாருங்கள். கெண்டைக்கால் சுற்றளவு 31 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் தசை கரைந்திருக்கக்கூடும்.

வழக்கமான சாப்பாட்டிலேயே இதைச் சரிசெய்யலாம். காலை இட்லியோடு ஒரு முட்டையும் பருப்பு கெட்டியான சாம்பாரும் இருந்தால் 14 கிராம் வரும். இளநீருக்குப் பதில் 200 மில்லி பாலில் பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி கலந்து கொடுத்தால் 11 கிராம். மதியம் குழைந்த சாதம், 30 கிராம் பருப்பு, முள் நீக்கிய மீன் 75 கிராம் அல்லது இரண்டு முட்டை, ஒரு கப் தயிர்: 25 கிராம். மாலையில் கேழ்வரகுக் கஞ்சியைப் பாலில் காய்ச்சி, பொட்டுக்கடலை மாவு 20 கிராம் சேர்க்கலாம். இரவுக்கும் ஒரு முட்டை. 65 கிராமைத் தாண்டிவிடும். முட்டை தொடாதவர்களுக்குப் பனீரும் மைய அரைத்த வேர்க்கடலைத் துவையலும் உண்டு. நம் மாவட்டத்தில் விளையும் வேர்க்கடலை 30 கிராமில் 7 கிராம் புரதம் இருக்கிறது. முட்டையும் பருப்பும் தயிரும் புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும் என்ற பத்தியப் பேச்சை நம்ப வேண்டாம். புண் ஆறுவதே புரதத்தால்தான்.

மருத்துவமனையின் பங்கும் உண்டு. ஸ்கேனுக்கு வெறும் வயிறு என்று காலையில் நிறுத்துவார்கள். ஸ்கேன் மறுநாளைக்குத் தள்ளிப்போகும். தட்டு மட்டும் திரும்பி வராது. தட்டு எட்டாத இடத்தில் இருக்கும், பல் செட் வீட்டில் இருக்கும், ஊட்டிவிட வேண்டிய நேரத்தில் உறவினர் மருந்துக் கடை வரிசையில் நிற்பார். ஒவ்வொரு வேளையும் தட்டில் எவ்வளவு மிச்சம், காலா, அரையா, முக்காலா என்று கேஸ் ஷீட்டில் குறிக்க ஒரு கட்டம் போதும். இரண்டு நாள் தொடர்ந்து பாதிக்குமேல் மிஞ்சினால் டயட்டீஷியனைக் கூப்பிட வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

சில எச்சரிக்கைகள். பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவருக்கு ஒரே நாளில் வயிறு நிறையக் கொடுத்துவிடக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சட்டென்று இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், மூச்சும் திணறலாம். முதலில் தயமின் (வைட்டமின் பி1), பிறகு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 கலோரி அளவில் தொடங்கி, ரத்தப் பரிசோதனையைப் பார்த்து நான்கு முதல் ஏழு நாளில் ஏற்ற வேண்டும். இது டாக்டர் மேற்பார்வையில் மட்டுமே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அளவைக் கேட்டே சாப்பிட வேண்டும். டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள், டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கூட்டச் சொல்வார்கள். பழைய சீட்டை வைத்து நீங்களே பருப்பை நிறுத்திவிடாதீர்கள். பக்கவாதம் வந்தவர் தண்ணீரோ நீர்க்கஞ்சியோ குடிக்கும்போது இருமினாலும், குரல் களகளத்தாலும் ஊட்டுவதை நிறுத்திச் செவிலியரிடம் சொல்லுங்கள். படுத்த நிலையில் யாருக்கும் ஊட்டக் கூடாது. சாப்பிட்ட பின்பும் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்காரட்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே அன்றைய எடையையும், ஒரு நாளைக்கு எத்தனை முட்டை, எவ்வளவு பால் என்பதையும் தமிழில் எழுதித் தர வேண்டும். சத்துப் பானம் எழுதினால் நாளொன்றுக்கு 400 கலோரி, 30 கிராம் புரதம் கிடைக்கிற அளவில், குறைந்தது ஒரு மாதம் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர்கள் டப்பாவின் பின்புறத்தைப் படித்துவிட்டு வாங்கவும். மால்ட் பானங்கள் பலவற்றில் புரதத்தைவிடச் சர்க்கரைதான் அதிகம்.

இப்படிக்கு,
மருத்துவமனை உணவியல் பணியில் உள்ளோர் சிலர்,
காட்பாடி.