மௌஸுக்கு எத்தனை நட்சத்திரம்?

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்துவிட்டதில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இடது கண்ணைத் தை பிறந்ததும் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மற்றபடி நலம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நூலக வாசகர் வட்டத்தில் அடுத்த புத்தகம் ஆர்ட் ஸ்பீகல்மன் எழுதி வரைந்த ‘மௌஸ்’ என்ற காமிக்ஸ் என்று எழுதியிருந்தாய். அதைவிட நல்ல செய்தி இந்த மாதம் எனக்கு வரவில்லை. ஆனால் வழக்கம்போல ஆளுக்கு ஐந்துக்கு இத்தனை என்று சொல்லி, கூட்டிச் சராசரி எடுத்துப் பலகையில் எழுதிவிடுவோம் என்கிறாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்ட தன் அப்பாவின் கதையை ஒருவர் சொன்னால், அதற்கு 3 போட யாருக்குக் கை வரும்? எல்லாரும் 5 போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்த 5 அப்பா பட்ட பாட்டுக்குப் போய்ச் சேரும். மகன் 1978 முதல் 1991 வரை உட்கார்ந்து வரைந்த வேலையை யாரும் பார்த்ததாக ஆகாது.

வட்டத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். விளாடெக், ஆன்யா இருவரும் போலந்து யூதர்கள். நியூயார்க்கில் வயதான விளாடெக்கை அவர் மகன் ஸ்பீகல்மன் பேட்டி எடுக்கிறார். அப்பா சொல்லச் சொல்லப் போருக்கு முந்தைய சோஸ்னோவியெட்ஸ் நகரம், யூதர்களை ஒதுக்கி அடைத்த கெட்டோ, பதுங்குமிடங்கள், ஆஷ்விட்ஸ் எல்லாம் விரிகின்றன. யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள், போலந்துக்காரர்கள் பன்றிகள், அமெரிக்கர்கள் நாய்கள். 1980-இலிருந்து ‘ரா’ என்ற இதழில் அத்தியாயம் அத்தியாயமாக வந்தது. புத்தகமாக முதல் பாகம் 1986-இலும் இரண்டாம் பாகம் 1991-இலும் வந்தன. 1992-இல் புலிட்சர் சிறப்பு விருது. உங்களிடம் உள்ள பிரதியில் இரண்டு பாகமும் இருக்கிறதா என்று முதலில் பார். சேர்ந்த பதிப்பு 296 பக்கம். முதல் பாகம் மட்டும் என்றால் விளாடெக்கின் கதை ஆஷ்விட்ஸ் வாசலோடு நின்றுவிடும், அதை வைத்து மதிப்பெண் போடுவது நியாயமில்லை.

முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்த நமக்கு ஒரு பழக்கம் உண்டு: கண் ஒரு பேச்சுக் குமிழிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே போகும், படம் ஓரக்கண்ணில் மட்டும் விழும். மௌஸை அப்படியும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பாதிக்குமேல் கைநழுவிப் போயிருக்கும். ஒவ்வொரு அத்தியாயத்தையும் இரண்டு தடவை பார்க்கச் சொல். முதல் தடவை வசனத்தோடு. இரண்டாம் தடவை எழுத்தையே படிக்காமல், கட்டங்களை மட்டும்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், இரண்டாம் பாகத்தில் ஒரு பக்கம். முகாம் வாசலில் கைதிகள் வேலைக்கு அணிவகுத்துப் போகும்போது வாத்தியக் குழு வாசித்ததாமே என்று மகன் கேட்கிறார். அப்பா, அப்படி எதுவும் இல்லை, காவலர்கள் கத்தியதுதான் கேட்டது என்கிறார். அது நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட விஷயம் என்கிறார் மகன். இப்போது இதை எப்படி வரைவது? முதல் கட்டத்தில் வாத்தியக் குழு தெளிவாகத் தெரிகிறது. அப்பா மறுத்த பிறகு வரும் கட்டத்தில் அணிவகுப்பு முன்னால் வந்து குழுவை மறைத்துவிடுகிறது. ஆனால் உற்றுப் பார், தலைகளுக்கு மேலே வாத்தியங்களின் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அப்பாவின் நினைவையும் அவர் பொய்யாக்கவில்லை, வரலாற்றையும் அழிக்கவில்லை. உரைநடையில் எழுதினால் இதற்கு ஒரு பத்தி விளக்கம் வேண்டியிருக்கும். எனக்கு 5 என்பது இந்த மாதிரி இடத்துக்குத்தான்.

இன்னொன்று முதல் பாகத்தின் பிற்பகுதியில். போலந்துக்காரர்கள்போல நடித்துத் தெருவில் நடக்கும்போது விளாடெக்கும் ஆன்யாவும் பன்றி முகமூடி கட்டியிருக்கிறார்கள். ஆன்யாவின் தோற்றத்தில் யூதச் சாயல் எளிதில் தெரிந்துவிடும் என்கிறார் விளாடெக். படத்தில் ஆன்யாவின் மேலங்கிக்குக் கீழே எலிவால் தொங்குகிறது. அவ்வளவுதான். அதே பாகத்தில் இருவரும் போக இடமின்றி நிற்கும்போது, எதிரே உள்ள பாதைகள் நாஜிச் சின்னமான ஸ்வஸ்திக வடிவத்தில் பிரிந்து போவதையும் காட்டு. பலர் கவனிக்காமல் புரட்டிவிடுவார்கள்.

எலி, பூனை என்ற ஏற்பாட்டை ஸ்பீகல்மனே பல இடங்களில் கலைத்துப் பார்க்கிறார். நிலவறையில் ஒளிந்திருக்கும்போது ஆன்யா பெருச்சாளியைக் கண்டு அலறுகிறார். அது நிஜப் பெருச்சாளியாகவே வரையப்பட்டிருக்கிறது. விளாடெக், அது வெறும் சுண்டெலிதான் என்று மனைவியைச் சமாதானப்படுத்துகிறார். சொல்வதும் எலி முகம், கேட்பதும் எலி முகம்! ஆஷ்விட்ஸில் ஒரு கைதி தான் ஜெர்மானியன் என்று வாதாடுகிறார். ஒரு கட்டத்தில் எலியாகவும் இன்னொன்றில் பூனையாகவும் அவரே வருகிறார். இரண்டாம் பாகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் ஆசிரியர் வெறும் மனிதனாக, எலி முகமூடியை நூலால் கட்டிக்கொண்டு வரைமேசை முன் உட்கார்ந்திருப்பார், காலடியில் பிணங்கள். முதல் பாகம் வெற்றி பெற்றதைச் சொல்லும் இடமே அதுதான்.

உங்கள் வட்டத்தில் மதிப்பெண்ணைக் குறைக்கப் போகிறவர்கள் எங்கே குறைப்பார்கள் என்பதும் ஏறக்குறையத் தெரியும். “படம் சுமார், எல்லா முகமும் ஒன்றுபோல இருக்கிறது” என்று முதல் குரல் வரும். முகம் என்பது ஒரு கூம்பும் இரண்டு புள்ளியும்தான், உண்மை. ஆனால் முதல் பாகத்துக்குள்ளேயே ‘நரகக் கோளின் கைதி’ என்ற நான்கு பக்கக் கதை இருக்கிறது. 1968-இல் தன் அம்மா ஆன்யா தற்கொலை செய்துகொண்டதைப் பற்றி அவர் முன்பே வரைந்தது. அதில் மனித முகங்கள், அடர்த்தியான கறுப்பு, கோணல் சுவர்கள். நுணுக்கமாக வரைய வராமல் எளிமையாக வரைந்தவர் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. மௌஸை அச்சாகும் அளவிலேயே, ஊற்றுப்பேனாவால் வரைந்தார். காமிக்ஸ்காரர்கள் வழக்கமாகப் பெரிதாக வரைந்து அச்சில் சுருக்குவார்கள், கோடு சுத்தமாகிவிடும். சுருக்காததால்தான் இதில் கை நடுக்கம்கூட அப்படியே தெரிகிறது, யாரோ எழுதிவைத்த நாட்குறிப்பைப் படிக்கிற மாதிரி. எங்கே நுணுக்கம் தேவையோ அங்கே விடவும் இல்லை. நிலக்கரித் தொட்டிக்கு அடியில் வழி வைத்த பதுங்குமிடத்தின் குறுக்குவெட்டுப் படம், முகாமில் பூட்ஸ் செப்பனிடும் முறை, எரிகூடத்தின் வரைபடம் எல்லாம் அளவெடுத்தது போல இருக்கும்.

இரண்டாவது குரல்: “அந்தக் கிழவரைப் பிடிக்கவில்லை.” பிடிக்காதுதான். தின்று மிச்சமான டப்பாக்களைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துப் பணத்துக்குப் பதில் வேறு சாமான் வாங்கி வருகிறார், இரண்டாம் மனைவி மாலாவைப் படுத்தி எடுக்கிறார், வழியில் வண்டியில் ஏற்றிக்கொண்ட கறுப்பினத்தவரைப் பற்றி அசிங்கமாகப் பேசுகிறார். கஞ்ச யூதன் என்ற பழைய வசைச் சித்திரம் போலவே அப்பா வந்துவிடுகிறாரே என்று மகனே புத்தகத்துக்குள் கவலைப்படுகிறார். துன்பம் மனிதனைப் புடம்போட்டு எடுக்கும் என்ற ஆறுதலை இந்தப் புத்தகம் நமக்குத் தரவே இல்லை. பிடிக்காத ஆள் என்பதற்காக மதிப்பெண் குறைக்கிறவரிடம், அந்த ஆளை இவ்வளவு உயிரோடு காட்டியதற்கு எத்தனை போடுவீர்கள் என்று தனியாகக் கேள்.

மூன்றாவது குரல் வந்தால் அதை மரியாதையோடு கேளுங்கள். போலந்துக்காரர்களைப் பன்றியாக வரைந்தது சரியா? போலந்திலேயே இது பெரிய மனக்கசப்பை உண்டாக்கியது. போலிஷ் பதிப்பு 2001-இல்தான் வந்தது, அப்போதும் எதிர்ப்பு இருந்தது. ஒரு நாட்டார் முழுவதையும் ஒரே விலங்காக்கும்போது, உயிரைப் பணயம் வைத்து உதவியவருக்கும் காட்டிக்கொடுத்தவருக்கும் ஒரே முகம் வந்துவிடுகிறது. மனிதர்களை இனமாகப் பிரித்த நாஜிப் பார்வையையே எடுத்து அதன் அபத்தத்தைக் காட்டுகிறார் என்பது பதில். எனக்கு அந்தப் பதில் முக்கால்வாசி போதும், முழுக்கப் போதாது. இதற்காக ஒருவர் அரை மதிப்பெண் குறைத்தால் அவர் கவனமாகப் படித்தவர்.

எந்த அலமாரியில் வைப்பது என்பதிலேயே தகராறு நடந்த புத்தகம் இது. இரண்டாம் பாகம் வந்தபோது நியூயார்க் டைம்ஸ் அதைப் புனைவு விற்பனைப் பட்டியலில் போட்டது. ஸ்பீகல்மன் எதிர்த்துக் கடிதம் எழுதினார், பத்திரிகையும் புனைவல்லாத பட்டியலுக்கு மாற்றியது. எலி முகம் இருந்தால் கற்பனை என்று நினைத்துவிட்டார்கள். உங்கள் நூலகத்தில் சிறுவர் பகுதியில் வைத்திருந்தால், நூலகரிடம் சொல்லித் தன்வரலாறு பகுதிக்கு மாற்றச் சொல்.

நட்சத்திரக் கணக்குக்கு வருகிறேன். வாசகர்கள் புத்தகங்களுக்கு நட்சத்திரம் போடும் குட்ரீட்ஸ் இணையதளத்தில் 2 என்றால் ‘பரவாயில்லை’, 3 என்றால் ‘பிடித்தது’ என்றுதான் அர்த்தம். நம் ஆட்கள் பள்ளிக்கூடக் கணக்கில் 3-ஐ 60 மார்க்காக நினைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன பொருள் என்று தொடங்கும் முன்பே பலகையில் எழுதிவிடு, இல்லையென்றால் ஆளுக்கு ஒரு அளவுகோலில் அளப்பீர்கள். சராசரியை மட்டும் நம்பாதே. 100 பேரும் 4 போட்டாலும் சராசரி 4. 75 பேர் 5-ம் 25 பேர் 1-ம் போட்டாலும் சராசரி அதே 4. முதலாவது எல்லாருக்கும் ஒத்துப்போன புத்தகம், இரண்டாவது சண்டை மூட்டிய புத்தகம். எத்தனை பேர் எந்த எண் போட்டார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுது.

வருடக் கடைசியில் புத்தகங்களை வரிசைப்படுத்துகிறீர்களே, அதில் இன்னொரு சிக்கல். 3 பேர் மட்டும் படித்து ஆளுக்கு 5 போட்ட புத்தகம், 30 பேர் படித்து 4.4 வாங்கியதை முந்திவிடும். இதற்கு ஒரு வழி இருக்கிறது: ஒவ்வொரு புத்தகத்துக்கும் உங்கள் வட்டத்தின் பொதுச் சராசரியில் சில கற்பனை ஓட்டுகளைச் சேர்த்துக் கணக்கிடு. பொதுச் சராசரி 3.8, சேர்ப்பது 10 ஓட்டு என்று வை. முதல் புத்தகம்: 15-உம் 38-உம் சேர்ந்து 53, 13-ஆல் வகுத்தால் 4.08. இரண்டாவது: 132-உம் 38-உம் 170, 40-ஆல் வகுத்தால் 4.25. வரிசை நேராகிவிட்டது.

இரண்டு கூட்டமாகப் பிரித்தால், இரண்டாம் பாகத்துக்குத்தான் அதிக மதிப்பெண் விழும். முதல் பாகம் பிடிக்காதவர்கள் இரண்டாவது கூட்டத்துக்கு வரமாட்டார்கள், காரணம் அதுதான். பாதியில் விட்டவர்களிடம் எந்தப் பக்கத்தில் விட்டார்கள் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள். எண்ணைவிட அது அதிகம் சொல்லும்.

மதிப்பெண் சீட்டை எல்லாரும் பேச்சு தொடங்கும் முன்பே எழுதி மடித்துக் கொடுத்துவிட வேண்டும். மூத்தவர் ஒருவர் எழுந்து “இது மகத்தான படைப்பு” என்றுவிட்டால் அதற்குப் பிறகு யார் 3 சொல்வார்கள்? சீட்டில் நான்கு எண் கேள்: சொன்ன கதைக்கு, கட்டங்களை அமைத்த விதத்துக்கு, ஆட்களைக் காட்டியதற்கு, தன்னையும் விட்டுவைக்காத நேர்மைக்கு. நான்கையும் கூட்டாதே, தனித்தனியாகவே எழுது. பேசி முடித்தபின் இன்னொரு சீட்டு. எந்த எண் மாறியது, எந்தப் பக்கத்தைப் பார்த்தபின் மாறியது என்று கேட்டால் அன்றைய கூட்டம் தானாகவே களைகட்டிவிடும்.

அமெரிக்காவின் டென்னசியில் மெக்மின் மாவட்டப் பள்ளி வாரியம் 2022 ஜனவரியில் இதை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து 10-0 என்ற ஓட்டில் நீக்கியது. சில வசைச்சொற்களும் ஒரு நிர்வாணப் படமும் காரணமாம். அந்தப் படம், குளியல் தொட்டியில் இறந்து கிடக்கும் அம்மா. உடனே புத்தகம் விற்பனைப் பட்டியல்களில் ஏறியது. வாங்கியவர்களை வாழ்த்துகிறேன். ஆனால் தடைக்கு எதிராகப் போடும் 5 வேறு, வாசித்துப் போடும் 5 வேறு. இந்தச் செய்தியை இரண்டாவது சீட்டு வாங்கிய பிறகு சொல்.

வாசித்துக் காட்டும்போது ஒரு கவனம். நியூயார்க்கில் விளாடெக் பேசுவது உடைந்த ஆங்கிலம், சொற்கள் இடம் மாறி விழும். பழைய கதைக்குள் குமிழில் அவர் பேசுவது சரளம், ஏனென்றால் அங்கே அவர் தன் சொந்த மொழியில் பேசுகிறார். தமிழில் விளக்கும்போது இரண்டையும் ஒரே நல்ல தமிழில் சொல்லிவிட்டால், புலம்பெயர்ந்து எல்லாம் இழந்த மனிதர் காணாமல் போய்விடுவார்.

ஆங்கிலம் சிரமம் என்று பின்வாங்குகிறவர்களுக்காக, இதற்கு அடுத்ததாக மர்ஜான் சத்ரபி காமிக்ஸாக வரைந்த ஈரான் நினைவுகளை வை. கோவை விடியல் பதிப்பகம் ‘ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை’ என்று தமிழில் கொண்டுவந்திருக்கிறது. உங்கள் நூலகத்தில் இல்லையென்றால் எழுது, என் பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அட்டை கொஞ்சம் விட்டிருக்கும், பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. முதல் சீட்டு, இரண்டாம் சீட்டு எண்களை எனக்கு அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
கோமதி