முன்னாள் மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணன் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வாழ்த்து மட்டும் அனுப்பிய உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினத்தன்று மிட்டாய் வழங்கினோம். பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்றவர்களுக்கு வழக்கம்போல் பரிசளித்தோம். தண்ணீர்த்தொட்டி பழுதுபார்க்கப்பட்டது.

அடுத்து, மாணவர்களுக்கிடையே நடக்கும் சீண்டலையும் மிரட்டலையும் தடுக்கும் திட்டம். வேறு வேலையில்லாமல் நான் கிளப்பிவிட்டது இது என்று ஓர் உறுப்பினர் சொன்னதாகக் கேள்வி. ஆறாம் வகுப்புப் பையனின் சீருடைச் சட்டையோடு ஒரு தாயார் என் வீட்டு முகப்பில் வந்து நின்றபோது அந்த உறுப்பினர் அங்கே இல்லை. சட்டையின் முதுகெல்லாம் மசி. எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை. பேனா கசிந்துவிட்டது என்றானாம் பையன். பையில் இருக்கும் பேனா முதுகில் எப்படிக் கசியும்?

பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வதில்லை. திங்கள்தோறும் வயிற்றுவலி, திறக்காமலே திரும்பும் டிபன் பாக்ஸ், நேர்வழியை விட்டு ஊருணியைச் சுற்றிவருவது என நடப்பில்தான் தெரியும். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "நாங்களும் இப்படித்தானே வளர்ந்தோம்" என்றார் ஒரு பெரியவர். கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகத்தில் 1996இல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகே, 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது என்பதை அவருக்கு நினைவூட்டினேன். பெரியவர் வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

சீண்டியவன், சீண்டப்பட்டவன் இருவரையும் கூப்பிட்டுக் கைகுலுக்க வைத்து அனுப்புவது நம் ஊர் வழக்கம். கைகுலுக்கிய கையே மறுநாள் படியோரம் முறுக்கும். சீண்டப்பட்ட பையனைத் தனியே உட்காரவைத்து, எங்கே, எப்போது, யார் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். இடம் மாற்றுவதானால் சீண்டியவனையே மாற்ற வேண்டும். பெற்றோர் சீண்டியவன் வீட்டு வாசலில் போய்ச் சண்டையிடக் கூடாது.

இதற்கென ஒரு கடிதப் பெட்டி செய்து, குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டையும் அதன்மேல் எழுதச் செய்தேன். நிர்வாகக் குழு பெட்டியை அலுவலக வாசலில் வைத்தது. ஆசிரியர் கண்ணெதிரே எந்தப் பிள்ளை போடும் என்று எழுத்துமூலம் ஆட்சேபித்தேன், குறிப்பேட்டில் இருக்கிறது. பெட்டி காலியாகவே கிடந்தது. பிறகு நூலகத்தில் செய்தித்தாள் மேசைக்குப் பின்னால் மாற்றினோம். கடிதங்கள் வரத் தொடங்கின. அவற்றைத் தலைமையாசிரியரும் நானும் தவிர எவரும் படிப்பதில்லை.

வரவு செலவு ஏறத்தாழச் சரியாகவே உள்ளது, விவரம் பொருளாளரிடம். சந்தா பாக்கிதான் சரியில்லை. பிள்ளையார் நோன்புக்கு ஊர் வந்து, வளவில் விருந்துண்டு, சங்கக் கூட்டம் என்றதும் காரேறுபவர்களின் பெயர்களை நாகரிகம் கருதி வாசிக்கவில்லை. பெட்டி செய்த தச்சருக்குப் பாதிக்கூலி இன்னும் நிற்கிறது.

தலைமையாசிரியர், ஆசிரியர்கள், தேநீர் தந்து உதவிய ஆச்சி அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மனநல ஆலோசகர் ஒருவரை மாதம் ஒருமுறை காரைக்குடியிலிருந்து வரவழைக்க எண்ணம். பயணச்செலவை யாரேனும் ஏற்றால் நடக்கும். செயலாளர் பொறுப்புக்கு வேறொருவர் முன்வந்தால் பெட்டிச் சாவியை இன்றே கொடுத்துவிடுகிறேன். ரசீதுப் புத்தகம் வாசலில் பொருளாளரிடம் இருக்கிறது, ஜிபேயிலும் செலுத்தலாம்.