போய்த்தான் வாயேன்

காரைக்குடி

அன்புள்ள வள்ளி,

மகன் ப்ளஸ் டூ தேறியதில் ரொம்ப சந்தோஷம். அப்பச்சிக்கு முழங்கால் வலி தேவலாம். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு நடந்தே போய் வந்தார்.

சரி, நீ கேட்ட விஷயம். இத்தனை வருஷம் பாடம் நடத்தியவளுக்கு வெளிநாட்டுப் பயிற்சியில் யார் என்ன புதுசாகச் சொல்லிவிடப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். லண்டனில் நான் படித்த செல்டா, ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கான கேம்பிரிட்ஜ் சான்றிதழ். 120 மணி நேரம் வகுப்பு, அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்கு நாமே பாடம் நடத்த வேண்டும். பின்னால் பயிற்றுநரும் சக ஆசிரியர்களும் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். அந்தக் காலத்தில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய ரங்கூன் கிட்டங்கியில், தொழில் பழக வந்த பெட்டியடிப் பையன் மேலாள் கண்முன்னால் கணக்கெழுதிப் பழகினானே, அந்த மாதிரிதான். இங்கே நம் வகுப்பில் யார் அப்படி உட்கார்கிறார்கள்? அதிகாரி வந்தால் பாடக்குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போகிறார்.

'புரிஞ்சுதா?' என்று கேட்பதை அங்கே விடச் சொல்வார்கள். கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டும், அவ்வளவுதான். 'ஹி யூஸ்ட் டு லிவ் இன் மெட்ராஸ்' என்று சொல்லிக்கொடுத்தாயா, 'இப்போ அவர் மெட்ராஸிலா இருக்கார்?' என்று கேள். 'இல்லை' என்று பதில் வந்தால்தான் பாடம் ஏறியிருக்கிறது. ஏழாம் வகுப்பில் இதைத் தினமும் செய்கிறேன்.

ஆனால் செல்டா பெரியவர்களுக்குக் கற்பிக்க ஏற்பட்டது. பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்காரும் வகுப்பு அது. நெருக்கியடித்து பெஞ்சு போட்ட நம் அறைக்கு அப்படியே ஒத்துவராது. அதற்கு வழி சொன்னவர் பயிற்றுநர் இல்லை, கூடப் படித்த கெய்ரோ ஆசிரியை. அவர் வகுப்பில் அறுபது பிள்ளைகளாம். ஒன்று விட்டு ஒரு வரிசையைப் பின்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னால் எல்லோருக்கும் பேச ஜோடி கிடைத்துவிடும் என்றார். கட்டிய பணம் எனக்கு அந்த மாதிரி ஆட்களோடு உட்கார்ந்து பேசியதிலேயே ஈடாகிவிட்டது.

லீவு கிடைக்காது என்று தயங்காதே, முழுக்க ஆன்லைனிலும் படிக்கலாம். விண்ணப்பத்தோடு எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு; இலக்கணத்தில் குடைவார்கள். ஆடியில் இங்கே வா, சேர்ந்து தயார் செய்யலாம். சீப்புச்சீடையும் மனகோலமும் செய்து வைக்கிறேன்.

அன்புடன்,
மீனா