கத்திரி வெயிலில் அடுப்பு மூட்டாத ஒரு வேளை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், அடுப்பு மூட்டாமலே செய்யக்கூடிய கோடைக்காலக் காய்கறி, சீஸ் சாலட்டின் செய்முறை ஒன்று வெளியாகியிருந்தது. மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி அம்மாதக் கடைசி வரை நீளும் அக்னி நட்சத்திரக் காலத்தில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கமாகிவிட்ட வேலூரில், உச்சி வேளையில் தளம் போட்ட வீட்டின் சமையலறைக்குள் நின்று குழம்பு கொதிக்கவைப்பது என்ன பாடு என்பதை அறிந்தவர்கள், அந்தச் செய்முறையை ஆர்வத்தோடுதான் படித்திருப்பார்கள். ஆனால் அதில் கேட்டிருந்த ஃபெட்டா சீஸ், ஆலிவ் காய், ஆலிவ் எண்ணெய், பேசில் இலை ஆகியவை நேதாஜி மார்க்கெட்டில் காய்கறி வாங்கித் திரும்பும் ஒருவரின் பையில் இருக்கக்கூடியவை அல்ல. அவை இல்லாமலே, நம் பக்கத்தில் விளைவதையும் கறப்பதையும் கொண்டு இந்த உணவைக் குறைவின்றிச் செய்யலாம் என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்த உணவு பிறந்த நாடுகளிலும் மக்கள் தங்கள் கையில் இருந்ததைக் கொண்டுதான் அதைச் செய்தார்கள். கிரேக்கர்கள் தக்காளி, வெள்ளரி, வெங்காயம், ஆலிவ் ஆகியவற்றின்மேல் செம்மறியாட்டுப் பாலில் செய்த ஃபெட்டாவை வைத்தார்கள். இத்தாலியின் காப்ரி தீவின் பெயரால் வழங்கும் சாலட்டில் தக்காளியோடு மொசரெல்லாவும் பேசிலும் சேர்ந்தன. நமக்கும் இது புதிய வழி அன்று. ஸ்ரீராம நவமிக்குப் பானகம், நீர்மோரோடு படைக்கும் வடைப்பருப்பு, ஊறவைத்த பாசிப்பருப்போடு வெள்ளரியும் மாங்காயும் சேர்த்துச் செய்வது. தாளிப்பை விட்டுவிட்டால் அதற்கு அடுப்பே தேவையில்லை. அதில் இல்லாதது சீஸ் ஒன்றுதான்.

எந்தச் சீஸைச் சேர்ப்பது என்பதில்தான் தெளிவு வேண்டும். கடைகளில் கட்டியாகவும் வில்லைகளாகவும் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பதப்படுத்திய சீஸ், அதாவது சீஸை உருக்கி, சில உப்புகளைச் சேர்த்து மீண்டும் உறையவைத்தது. சூடான ரொட்டியின்மேல் இளகும்போது சுவைக்கும் அது, பச்சைக் காய்கறியோடு சேர்ந்தால் பல்லில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பீட்சாவுக்கென்று விற்கும் மொசரெல்லாவும் ஈரம் குறைத்துத் தயாரிக்கப்பட்டது என்பதால் உருகினால்தான் சிறக்கும். காப்ரி சாலட்டில் போடுவது நீரில் மிதக்கவைத்து விற்கப்படும் இளம் மொசரெல்லா. நமக்குப் பொருந்துவது பனீர்தான். ஆயினும் ஃபெட்டா இருந்த இடத்தில் பனீரை அப்படியே வைத்துவிட முடியாது. ஃபெட்டா உப்பு நீரில் ஊறிப் பக்குவப்படுவது; சாலட்டுக்கு வேண்டிய உப்பில் பெரும்பகுதியையும் ஓரளவு புளிப்பையும் அதுவே கொண்டுவந்துவிடும். பனீரில் உப்பே கிடையாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல், ஃபெட்டா கிடைக்காவிட்டால் பனீர் சேர்க்கலாம் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டதுதான் தங்கள் செய்முறையின் பெரிய குறை என்று கருதுகிறேன். அதை நம்பிச் செய்தவர்கள், சாலட் சப்பென்று இருக்கிறது என்று ஒதுக்கியிருப்பார்கள்.

நான்கு பேருக்கு 200 கிராம் பனீர் போதும். அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு குவளை குளிர்ந்த நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவைத்து வடித்துக்கொள்ள வேண்டும். நீருக்குப் பதிலாகப் புளித்த மோரில் ஊறவைத்தால் ஃபெட்டாவுக்குரிய புளிப்பும் சேர்ந்துவிடுகிறது. என் நாக்குக்கு மோரில் ஊறியதே பிடித்திருக்கிறது.

ஆரஞ்சு நிற உறையில் வரும் ஆவின் கொழுப்பு மிகுந்த பால் ஒரு லிட்டர் வாங்கினால் ஏறக்குறைய இதே அளவு பனீரை வீட்டிலேயே எடுக்கலாம். பால் காய்ச்சுவதும் அடுப்பு வேலைதானே என்று கேட்பவர்களுக்கு மறுப்புச் சொல்ல முடியாது. ஆனால் காலைக் காப்பிக்குப் பால் வைக்கும்போதே, வெயில் ஏறுவதற்கு முன்பாக, எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, துணியில் வடித்து, மேலே பாரம் வைத்துவிட்டால் அந்த வேலை அத்தோடு முடிந்துவிடும், வடிந்த நீர் சப்பாத்தி மாவு பிசைய உதவும். அடுப்பை அறவே தவிர்க்க விரும்புகிறவர்கள் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி, வடிகட்டியின்மேல் வைத்து, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வடியவிட்டு உப்புச் சேர்த்தால், அரபு நாடுகளில் லப்னே என்று உண்ணப்படும் மிருதுவான சீஸ் கிடைக்கும். வெளியே தொங்கவிடுவது நம் ஊர் வெயிலுக்கு ஆகாது, விடிவதற்குள் கடுத்துப்போகும்.

விலைக்கு வாங்கும் பனீர் குறித்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெயைச் சேர்த்துத் தயாரிக்கப்படும் பொருள், பார்வைக்குப் பனீராகவே தோன்றி, குறைந்த விலைக்கு விற்கப்படுகிறது. உறையிட்டு விற்றால் அது அசல் பால் பொருள் அல்ல என்பதை உறையில் அச்சிட வேண்டும் என்பது விதி; உதிரியாக எடைபோட்டு விற்கும்போது வாங்குபவருக்கு அந்த விவரம் தெரிவதற்கு வழியில்லை. அயோடின் துளிகளை விட்டு நீலமாகிறதா என்று பார்க்கும் வீட்டுச் சோதனை மாவுச்சத்துக் கலப்பைத்தான் காட்டும், எண்ணெயைக் காட்டாது. மசாலாவில் வெந்து மறையும் பனீர் எப்படியோ போகட்டும், வேகவைக்காமல் உண்ணும் இந்த உணவுக்கு, தேதி அச்சிட்ட உறையில் வருவதையோ வீட்டில் எடுத்ததையோ தவிர வேறு எதையும் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

காய்கறியில் முதலிடம் வெள்ளரிக்கு. அதன் எடையில் ஏறக்குறைய 95 சதவீதம் நீர். உப்புப் பட்டதும் அந்த நீர் வெளியேறத் தொடங்கும் என்பதால், எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து வைத்தால் பரிமாறும் நேரத்தில் கிண்ணத்தின் அடியில் குளமாக நிற்கும். அதைத் தவிர்க்க, இரண்டு வெள்ளரிக்காயை நறுக்கி அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவி, கால் மணி நேரம் வடிதட்டில் வைத்து, வடிந்த நீரை எடுத்து வைத்துவிட வேண்டும். அதை மோரில் ஊற்றிக் குடிக்கலாம். காம்புப் பக்கத்தை முதலில் கொஞ்சம் அரிந்து சுவைத்துப் பார்த்துவிடுவது நல்லது. கசப்பு கடுமையாக இருந்தால் அந்தக் காயை முழுவதுமாக எறிந்துவிட வேண்டுமே தவிர, உப்பிட்டுக் கசப்பை மறைக்க முயலக் கூடாது. தக்காளியைப் பொறுத்தவரை, குழம்புக்கு நாட்டுத் தக்காளியை விட்டால் வேறில்லை என்றாலும், சாறு மிகுந்த அது சாலட்டில் குழைந்துபோகும். பெங்களூர்த் தக்காளியில் நன்கு பழுத்ததாக மூன்று எடுத்து, விதைப் பகுதியை நீக்கி நறுக்குவது ஏற்றது. குளிரில் வைத்த தக்காளிக்கு மணம் குறைந்துவிடும் என்பதால் அதை மட்டும் வெளியிலேயே வைத்திருக்கலாம். இவற்றோடு எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறிக் காரம் தணிந்த சின்ன வெங்காயம் ஒரு பிடி, கிளிமூக்கு மாங்காயில் பாதி, ஊறவைத்த பாசிப்பருப்பு ஒரு பிடி ஆகியவை சேர வேண்டும். ஆலிவ் காயின் உவர்ப்பு வேண்டுமென்றால் வீட்டு எலுமிச்சை ஊறுகாயின் தோலில் ஒரு சிறு துண்டைப் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய்க்கு மட்டும் இந்தக் கிண்ணத்தில் இடமில்லை. அதற்கு நெருப்புத்தான் வேண்டும்.

எண்ணெய்க்கு நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. மல்லாட்டை (நிலக்கடலை) விளையும் சீமையில் இருந்துகொண்டு ஆலிவ் எண்ணெய்க்கு ஏங்குவது எனக்கு விளங்காத செயல். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, ஒரு எலுமிச்சையின் சாறு, மிளகுத்தூள், விதை நீக்கிய பச்சை மிளகாய் ஒன்று ஆகியவற்றைக் கலக்கிக் காய்கறியின்மேல் ஊற்றி, பனீரைக் கடைசியாகச் சேர்த்து, பேசிலுக்குப் பதிலாகப் புதினாவையும் கொத்தமல்லியையும் கையால் கிள்ளிப் போட வேண்டும். வெள்ளரியிலும் பனீரிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. ஆகவே சுவைத்துப் பார்த்த பின்னரே மேலும் உப்பிடலாம். வறுத்த மல்லாட்டையை இடித்துத் தூவுவது உண்ணும் நேரத்தில் செய்ய வேண்டியது, முன்பே தூவினால் ஊறி நமத்துப்போகும்.

தங்கள் செய்முறையில் இடம்பெறாத மற்றொன்று பாதுகாப்பு. வேகவைக்காத உணவில் கிருமியைக் கொல்ல அனல் இல்லை. எனவே காய்களையும், குறிப்பாக மண் ஒட்டியிருக்கும் கொத்தமல்லி, புதினாவையும் ஓடும் நீரில் கழுவி, பிறகு காய்ச்சி ஆறிய நீரில் ஒருமுறை அலச வேண்டும். இறைச்சி நறுக்கிய பலகையையும் கத்தியையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. கெட்டுப்போகக்கூடிய உணவைச் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கக் கூடாது என்பதும், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அது ஒரு மணி நேரமாகக் குறைய வேண்டும் என்பதும் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல். நம் மே மாதத்துக்கு அந்த ஒரு மணி நேரக் கணக்கே பொருந்தும். பள்ளி விடுமுறைப் பயணத்துக்கு டப்பாவில் அடைத்துக் கொண்டுபோகும் உணவாக இதை எண்ண வேண்டாம்.

வேலூருக்கென்றே உரிய எச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளில், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்கள், சின்ன அறையில் ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு சமைத்து உண்கிறார்கள். அடுப்பு வேண்டாத இந்த உணவு, துணைக்கு வந்திருப்பவர்களுக்கு உதவியாக இருக்கும். ஆனால் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்களும், சிறுநீரக மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும் நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்திருப்பவர்கள் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் பச்சைக் காய்கறியை உண்ணலாகாது. இந்த ஊரில் விற்பனையாகும் நாளிதழில் வரும் செய்முறைக்குக் கீழே இதற்கென இரண்டு வரிகளை ஒதுக்குவது அவசியம்.

வரும் வாரங்களில் இத்தகைய செய்முறைகளை வெளியிடும்போது, மாற்றுப் பொருளைச் சொல்லும் இடத்தில் உப்பின் அளவு எவ்வாறு மாறும் என்பதையும், எவ்வளவு நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அத்துடன், உணவுப் பாதுகாப்புத் துறையினர் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் உதிரியாக விற்கப்படும் பனீரின் மாதிரிகளை இந்தக் கோடைக்குள்ளாகவே எடுத்துச் சோதித்து முடிவுகளை வெளியிட வேண்டும் என்ற கோரிக்கையையும் தங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.